எல்.ஆர். மீது நடவடிக்கை

புரொடக்‌ஷன் கெமிஸ்டாக முப்பது வருஷம் இருந்தேன். அதில் நான் செய்த பெரிய தப்பு இரண்டே எழுத்து.

1. குறைந்த பேட்ச்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் எங்கள் கம்பெனி. அமீன், அன்ஹைட்ரைடு என்ற இரண்டு ரசாயனங்களைச் சேர்த்துப் பாரசிட்டமால் செய்தோம். 109 கிலோ அமீனுக்கு 102 கிலோ அன்ஹைட்ரைடு வேண்டும். கணக்குப்படி 151 கிலோ சரக்கு ஈல்டாக வரும். 145 வந்தாலே சந்தோஷம். அன்ஹைட்ரைடைக் கொஞ்சம் கூடவே விடுவோம் என்பதால், அமீன் தீர்ந்ததும் ரியாக்‌ஷன் நின்றுவிடும்; மிஞ்சிய அன்ஹைட்ரைடு கழுவுகிற தண்ணீரில் போய்விடும். அப்படி முதலில் தீர்கிற பொருள்தான் லிமிட்டிங் ரியேஜென்ட். ரிப்போர்ட்டில் எழுதச் சோம்பல்பட்டு எல்.ஆர். என்பேன்.

அந்த மழைக்காலத்தில் அமீன் மூட்டை ஈரம் குடித்துவிட்டது. தராசு 109 காட்டியது, உள்ளே அமீன் 98 கிலோதான். தலைகீழாக நின்றாலும் 136-ஐத் தாண்டாது. 130 வந்தது. 'ஈல்டு குறையக் காரணம் எல்.ஆர்.' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

2. மெமோ

இரண்டு நாள் கழித்து ஆபரேட்டர் ரங்கசாமி ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். அப்பா பெயர் லட்சுமணன். ஆக, எல்.ரங்கசாமி.

"ஏனுங்க மேடம், நான் என்னத்தைங்க குறைச்சேன்?"

உற்பத்தியைக் குறைத்ததற்கு மூன்று நாளில் 'விசதீகரணம்', அதாவது விளக்கம், தரவேண்டுமாம். மலையாளி பெர்சனல் மேனேஜரின் கையெழுத்து. ரங்கசாமிக்கு அது புரொபேஷனின் கடைசி மாதம். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று கொழிஞ்சாம்பாறையில் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு அவமானமாக இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவரோ ஏற்கெனவே ரங்கசாமியை பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார். அன்றைக்குப் புது அமீன் மூட்டை, காய்ந்த சரக்கு. 145 வந்திருந்தது.

"கண்டோ மேடம்? எல்.ஆரை மாத்தினேன், ஈல்டு வந்தது."

3. பத்து மாப்பிள்ளை

"சார், பத்து மாப்பிள்ளை, எட்டுப் பொண்ணு. எத்தனை கல்யாணம் நடக்கும்?"

"எட்டு."

"இங்க பொண்ணுதான் எல்.ஆர்., சார். லிமிட்டிங் ரியேஜென்ட். ஆள் பேர் இல்லை."

"பாக்கி ரெண்டு மாப்பிள்ளை?"

"கழுவுற தண்ணியில போயிருவாங்க."

பக்கத்தில் நின்ற ரங்கசாமியின் முகம் செத்துப்போனது. மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"அப்போ இந்த லிமிட்டிங் ரியேஜென்டை எதுக்கு வாங்கணும்? பர்ச்சேஸ்ல சொல்லி நிறுத்திடலாம்."

இனி வாயால் பிரயோஜனமில்லை. அவரை லேபுக்கு அழைத்துப்போய், அந்தப் பழைய மூட்டையிலிருந்து நூறு கிராம் நிறுத்து, ஓவனில் வைத்து உலர்த்தித் திரும்ப நிறுத்தேன். தொண்ணூறு.

"பத்து கிராம் எவிடே போயி?" என்று மேனேஜர் ரங்கசாமியைப் பார்த்தார்.

ரங்கசாமி பேன்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். "நான் கிட்டயே போகலீங்க சார்."

அந்தக் காலிப் பாக்கெட்டுகளைப் பார்த்த பிறகுதான் மேனேஜருக்கு, யாரும் எடுக்கவில்லை, போனது ஈரம்தான் என்ற விஷயம் ஏறியது. மெமோவை வாங்கிக் கிழித்தார். அடுத்த மாதம் ரங்கசாமி பெர்மனென்ட்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: மோல் கணக்கை இரண்டு தடவை போடுங்கள், ஈரத்தைக் கழியுங்கள், காரணத்தை முழு வார்த்தையில் எழுதுங்கள்.

ரங்கசாமி பத்திரிகை வைக்க வந்தார். மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் 'லட்சுமணன் மகன் ரங்கசாமி' என்று ஒரு வரி முழுக்க அச்சாகியிருந்தது.

"இனிசியலே வேண்டாம்னுட்டேனுங்க மேடம்," என்றார்.