பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

எங்கள் அம்மாவுக்கு வட்டமாக எதைக் கண்டாலும் பொட்டு வைத்துவிட வேண்டும். ஆயுத பூஜை வந்தால் கிரைண்டர், தையல் மெஷின் சக்கரம், என் சைக்கிள் மணி எதுவும் தப்பாது. நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், இருப்பதிலேயே பெரிய பொட்டு மாமாவின் புல் வெட்டும் மெஷினுக்குக் கிடைத்தது. மறுநாள் அந்த மெஷின் ஓடுவதைப் பார்த்துத்தான் மாமாவுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்யப் போகிறார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து, தோளில் மாட்டிக்கொள்ளும் அந்த மெஷினை வாங்கி, கோச்சடைப் பக்கம் காலி மனைகளில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார். நீளமான குழாயின் ஒரு முனையில் சின்ன பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் புல்லை அறுத்துச் சுழலும் நைலான் நரம்பு. சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெண் கேட்டுப் போன இடங்களில் மாப்பிள்ளையின் தொழிலை அம்மா சொல்லி முடிப்பதற்குள் முகங்கள் மாறிவிடும். அம்மாவுக்கு அதே கவலையாகிவிட்டது. சமயநல்லூர்க்காரர் ஒருவர்தான், "வீட்டுக்குப் பின்னாடி நம்ம மனை ஒண்ணு பொதராக் கெடக்கு. வந்து வெட்டிக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

விஜயதசமியன்று மாமா மெஷினை பைக்கில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் பின்னால் போனோம். வழி நெடுக அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பாத்திமா கல்லூரி தாண்டியதிலிருந்து, "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று டிரைவரை நச்சரித்துக்கொண்டே போனேன்.

பெண்ணின் அப்பா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண் கொல்லையில் துணி காயப்போடும் சாக்கில் ஒரே சேலையைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள். மாமா எஞ்சினின் கயிற்றைச் சுண்டியதும் மெஷின் அலறியது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் புல் சாய்ந்திருக்கும், மெஷின் இருமிக்கொண்டே நின்றுவிட்டது.

மறுபடி சுண்டினார். அசையவில்லை. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். காற்று வடிகட்டும் பஞ்சைத் தட்டிப் பார்த்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார். நிறையவே இருந்தது. மூடிவிட்டுச் சுண்டியதும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது.

"என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தாள். இந்த முறை மாமா காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. மூடியின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தார். அம்மா அப்பியிருந்த சந்தனம் அதில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமத்தோடு.

மாமா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகு காட்டித் துணிக்கொடிப் பக்கம் திரும்பி நின்று, வேலியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்து மூடியைச் சுரண்டினார். உதிர்ந்ததைக் கட்டைவிரலால் துடைத்து, அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். ஏதோ அழுக்கை எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டென்பதும், பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போகாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் மெஷின் நிற்கவே இல்லை. மனை மொட்டையடித்த மாதிரி ஆயிற்று.

"மொதல்ல என்னதான் கோளாறு?"

"பெட்ரோல்ல ஆயில் கலக்குறப்ப அளவு பிசகிருச்சுங்கய்யா. என் தப்புதான்."

"சொந்தத் தொழில்லயே அளவு தெரியலைன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அதே பெட்ரோலில்தான் மனை முழுவதும் வெட்டி முடிந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "ஒரு ஆயில ஒழுங்காக் கலந்து கொண்டாரத் துப்பில்லையாடா? அம்புட்டுப் பெரிய பொட்டா வச்சுக் கும்புட்டேனே, எல்லாம் மண்ணாப் போச்சே!" என்று அழுதாள். மாமா, "விடுக்கா, நாந்தான் அசந்துட்டேன்" என்றார். எனக்கும் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பேர் முன்னால் எங்கள் மானத்தை வாங்கிவிட்டாரே என்று அவரோடு பேசாமலே இருந்தேன்.

அதன் பிறகு போன் அடித்தால் போதும், அம்மா போட்டது போட்டபடி ஓடுவாள். கடைசியில் ஒருநாள் சமயநல்லூரிலிருந்து சம்மதம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அவ்வளவாக இஷ்டமில்லையாம், பெண்தான் ஒற்றைக்காலில் நின்றாளாம். ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை. அம்மா வேண்டாத சாமிக்கெல்லாம் தேங்காய் உடைத்தாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு முன்னதைவிடப் பெரிய பொட்டு. "இந்த மெசினு புண்ணியத்துலதான் நீ இந்த வீட்டுக்கு வந்த, நல்லாக் கும்புட்டுக்க" என்று புது அத்தையிடம் சொல்லிவிட்டு, கற்பூரம் எடுக்க அம்மா உள்ளே போனாள். அத்தை சட்டென்று தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, பெட்ரோல் மூடியின் பொட்டுக்கு நடுவில் குத்தினாள். மாமா வாசற்படியை மறைத்து நின்றுகொண்டு இல்லாத இருமலை இருமினார்.

சாமிப் பொட்டைக் கெடுக்கிறாளே என்று எனக்குப் பதறியது. "அம்மா, இந்த அத்தை..." என்று கத்த வாயைத் திறந்தேன். அத்தை ஒரு கை பொரியை அள்ளி என் வாயில் திணித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்தார்கள். பொரியை மென்றுகொண்டே நான் அவர்களை முறைத்தேன். பெரியவர்களுக்குக் கொஞ்சமும் பக்தியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.