நவரத்தினப் பெட்டியைச் சுற்றியவள்

நவரத்தினப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தது என் யோசனைதான். நாலு பக்கமும் நின்று பார்க்கலாம், வெளிச்சமும் நன்றாக விழும். மாணிக்கம் பெரிதாக இருந்ததால் நடுவில் வைத்தேன். மற்ற எட்டையும் அதைச் சுற்றி அடுக்கினேன். பார்க்க வருபவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கல்லின் கீழும் அதற்குரிய கிரகத்தின் பெயரையும் எழுதினேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நிலவியல் படித்து, பதுளையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் வேலைக்கு வந்தவள் நான். கோயில் நவக்கிரக மேடையிலும் மாணிக்கத்துக்குரிய சூரியன் நடுவில் இருக்க மற்ற எட்டும் சுற்றி நிற்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. படித்துக் கிழித்த லட்சணம் அப்படி.

கொஞ்ச நாளில் தோட்டத்துப் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆரம்பித்தார்கள். அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த கூடம் சனிக்கிழமைகளில் நிரம்பி வழிந்தது. பெட்டியைச் சுற்றினார்கள், கண்ணாடியில் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி எள் விளக்கே ஏற்றிவிட்டாள். தீயணைப்புக் கருவியைத் தேடியபோதுதான் எங்களிடம் அது இல்லை என்று தெரிந்தது. கற்களின் கடினத்தன்மை பற்றி நான் பாடுபட்டு எழுதிய பலகையில் ஈரக் குடைகளை மாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்களில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தி, சுற்றி முடித்து, சனியின் பெயர் எழுதிய நீலக்கல்லின் முன்னால் நெடுநேரம் நிற்பாள். அவள் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். சில மாதங்களாக ஒரு தகவலும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான்.

"சனி புடிச்சிருக்காம் மிஸ். சுத்தினா புள்ள பேசுவா," என்றாள்.

"இது வெறும் கல்லுக்கா."

"கோயில்ல இருக்கிறது மட்டும் என்னாங்க மிஸ்?"

பட்டம் வாங்கிய நான் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனேன்.

பிறகு கொழும்பிலிருந்து மேலதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார். கூட்டம் ஏன் என்று தெரிந்ததும் முகம் சுருங்கியது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னார், வைத்தோம். இனி கல் கல்லாகவே இருக்கும் என்று எனக்கும் உள்ளூர நிம்மதிதான்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்து பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாங்க மிஸ், செவத்தோட ஒட்டி வச்சிட்டீங்க? எப்பிடிச் சுத்துறது?"

"மேலிடத்து உத்தரவுக்கா."

அவள் சண்டைக்கு வரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தாள். மேலிடம் அதைத் தடுக்க மறந்திருந்தது.

அவள் கையில் போன் இருந்தது. கூடத்துக்குள் போனை அணைத்துவைக்க வேண்டும் என்பது நானே போட்ட விதி. காவலாளி அதைச் சொன்னதும் அவள் சுற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அணைச்சிருக்கிற நேரம் பார்த்துப் புள்ள கூப்பிட்டா என்னாங்க செய்யிறது?"

காவலாளியைப் போகச் சொன்னேன். அவள் மீண்டும் சுற்றினாள். தலை சுற்றித் தள்ளாடியபோது தோளைப் பிடித்துக்கொண்டேன். போன் அடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு அவள் வருவது நின்றுவிட்டது. மகள் பேசிவிட்டாளா, இவளுக்குத்தான் நம்பிக்கை விட்டுப்போயிற்றா, தெரியவில்லை. விதி இன்னும் சுவரில் தொங்குகிறது. கூடத்தில் யாருடைய போனாவது அடித்தால் காவலாளி திட்டப் போகிறான். நான் அவனுக்கு முன்னால் ஓடிப்போய், அந்த அக்காவா என்று பார்க்கிறேன்.