பனிக்குள் நின்ற ஆள்

சித்திகாவைக் கோல்ஃப் பக்கம் தள்ளியது சர்க்கரை நோய். குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை, நாளெல்லாம் நாற்காலி. நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் விரட்டியபோது, வாடிக்கையாளர் ஒருவர் வண்டலூர் தாண்டி ஏரியோரம் இருந்த சின்ன மைதானத்துக்கு அழைத்துப்போனார். ஐம்பது வயதில் மட்டையைப் பிடித்தவள், பிறகு விடவே இல்லை.

ஆட்டத்தைவிட அதன் விதிகள்தான் அவளுக்குப் பிடித்துப்போயின. நடுவர் கிடையாது, தவறினால் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு போட்டியில் சருகுக்குள் கிடந்த பந்து அவள் மட்டை பட்டு லேசாக உருண்டது. யாரும் பார்க்கவில்லை. அவளே சொல்லி, தண்டனையாக ஒரு அடியைக் கூட்டிக்கொண்டு, கோப்பையையும் இழந்தாள்.

"நாம இன்னா ஒலிம்பிக்ஸா ஆடுறோம்? டைம்பாஸுக்கு வர்றோம். உங்ககூட ஆடுனா பேஜாராகீது மேடம்" என்றார் தசரதன். பக்கத்து ஊர்க்காரர், பரம்பரை நிலத்தில் இப்போது குடியிருப்புகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். கூட ஆடும் சாலமோன் சிரித்துச் சமாளித்தான்.

மார்கழியில் ஒருநாள் காலை. ஏரியிலிருந்து எழுந்த பனி புல்வெளியை முழுசாக மூடியிருந்தது. ஜூவிலிருந்து சிங்கத்தின் உறுமல் ஒருமுறை கேட்டு அடங்கியது. முதலில் அடிக்க வேண்டியவள் சித்திகா. மட்டையை ஓங்கியவள், இறக்கிவிட்டாள்.

"முன்னாடி ஆள் நிக்கிறாங்க."

"எங்கக்கா?" சாலமோன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"வெள்ளைச் சட்டை. நம்ம பக்கம் பார்த்துதான் நிக்கிறாரு."

மூவரும் குரல் கொடுத்தார்கள். பதில் இல்லை. சித்திகா கண்ணில் பட்ட அந்த உருவம் அசையவும் இல்லை. அதற்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

"ஆள் இருந்தா கூப்பிட்டதுக்குப் பதில் குடுக்க மாட்டானா? தள்ளுங்க, நான் அடிக்கிறேன்." தசரதன் தன் பந்தை வைத்தார்.

சித்திகா அவர் பந்துக்கு முன்னால் போய் நின்றாள். "எதிர்ல ஆள் இருந்தா அடிக்கக் கூடாது சார். இருக்காங்களோன்னு சந்தேகம் வந்தாலும் அடிக்கக் கூடாது."

"வழிய வுடுங்க மேடம்."

"மாட்டேன்."

தசரதன் மட்டையைப் புல்லில் எறிந்துவிட்டுத் திரும்பி நின்றார். வெயில் மெல்ல ஏற, பனி கீழிருந்து கலையத் தொடங்கியது. வெள்ளைச் சட்டை இருந்த இடத்தில் யாரும் இல்லை. அதற்குக் கீழே, பச்சைப் புடவையில் ஒரு பெண் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். குளிருக்குக் காது மூடத் துண்டு சுற்றியிருந்தாள். தசரதனின் பந்து வழக்கமாக விழும் இடம் அதுதான்.

சித்திகா ஓடினாள். மைதானத்தில் வேலை பார்க்கும் கன்னியம்மா நிமிர்ந்து பார்த்துத் துண்டை அவிழ்த்தாள்.

"இன்னாம்மா, இப்டி ஓடியாற?"

"உன் பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்டு நின்னது யாரு?"

"யாருமில்லியே. காலைலேர்ந்து நான் ஒண்டியாத்தான் வேல செஞ்சிகினு கீறேன்." சொல்லிவிட்டு, கன்னியம்மா மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

புல்லெல்லாம் பனித்துளி. சித்திகா ஓடிவந்த தடம் போக, அதைக் கலைத்துக்கொண்டு ஏரிப் பக்கமிருந்து வந்த காலடி வரிசை ஒன்றே ஒன்று. அது கன்னியம்மாவுடையது.

தசரதன் அன்று ஆடவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணாடியை இறக்கினார். "அடிச்சிருப்பேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே நிர்வாகத்திடம் சண்டை போட்டு, வேலையாட்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி வாங்க வைத்தார். விதியைப் பற்றி அவர் பிறகு கிண்டல் பேசியதில்லை.

சித்திகா தான் கண்டது என்னவென்று யாரிடமும் விளக்க முயலவில்லை. அவளுக்கே தெரியாது.

தை பிறந்த பிறகு மறுபடி ஒருநாள் பனி. கன்னியம்மா விடுப்பு, வேலையாட்கள் யாரும் வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சித்திகா பந்தை வைத்தாள், எதிரே பார்த்தாள், மட்டையைக் கீழே சாய்த்தாள்.

இம்முறை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. தசரதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூவரும் பனியைப் பார்த்தபடி நின்றார்கள்.