ஈய வீரர்களும் பலாமர அலமாரியும்

அன்னமேரி அந்தத் தகர டப்பாவை வாங்கியது கிறிஸ்துமஸ் குடிலுக்காக. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லமொன்றில் அவள் நர்ஸாக இருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்க்காரர்கள் மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டில் வேண்டாத சாமான்களை விற்பார்கள். அப்படி ஒரு டிக்கியில் பிஸ்கட் டப்பா நிறைய, விரல் நீளத்தில் உலோகப் பொம்மைகள் கிடந்தன. முக்காடு போட்ட ஆட்கள், கையில் கோல் மாதிரி ஏதோ. மேய்ப்பர்களும் ஞானிகளும் என்று நினைத்துக்கொண்டாள். பூசைக்கு நேரமாகிவிட்டது, அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து மேசையில் பரப்பியபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. மேய்ப்பன் கையில் இருந்தது கோல் இல்லை, துப்பாக்கி. ஞானிகளில் ஒருவருக்கு மூன்று கண்கள். இன்னொருவருக்கு முக்காட்டுக்குள் முகமே இல்லை, குழாய்கள்தான் இருந்தன. மாதா என்று அவள் நினைத்திருந்த பொம்மையின் முதுகில் ராக்கெட் கட்டியிருந்தது. அன்னமேரி சிலுவை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் டப்பாவுக்குள் தள்ளி மூடினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் திறந்தாள். மனது கேட்கவில்லை. போனில் தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மேசைமேல் படைகளைப் பரப்பி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதற்காக நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஈயத்தில் வார்த்த வீரர்கள் இவர்கள். யாரோ ஒரு பையன் கதவுக்கு அடிக்கும் எனாமலை அப்பி வைத்திருந்தான். ஒரு வீரனை மட்டும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறப்போட்டாள். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் சட்டைப் பொத்தான், பெல்ட்டில் தொங்கும் சின்னக் கத்தி, கன்னத்தில் ஒரு தழும்பு. இவ்வளவையும் எனாமலுக்குள் புதைத்துவிட்டார்களே என்று அவளுக்கு ஆறவில்லை.

அவள் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் பிறந்தவள். அந்த வீட்டில் பொம்மை என்று ஒன்று இருந்ததில்லை. அதற்காக ஏங்கியதாகவும் அவளுக்கு நினைவில்லை. படம் வரைந்ததும் கிடையாது. ஆனால் இருபது வருடம் ஊசி பிடித்த கை. பிரஷ் நுனியால் ஒரு வீரனின் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளியும், அதற்குள் கறுப்புப் புள்ளியும் வைத்த அன்று, அவன் தன்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

பிறகு ஞாயிறுதோறும் அந்த டிக்கிகளில் தேடித் தேடி இன்னும் சேர்த்தாள். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு பொம்மைகளைக் கொண்டுவந்தாள். கொச்சி விமான நிலையத்தில் ஸ்கேனர் திரையைப் பார்த்த அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். பெட்டிக்குள் துப்பாக்கி ஏந்திய குட்டி மனிதர்கள் நூற்றுக்கணக்கில் படுத்திருந்தார்கள்.

"இது எந்தா சேச்சி?"

"பொம்மை சார். நான் பெயின்ட் அடிக்கிறது."

அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பெட்டியை மூடிக் கொடுத்தார்.

கணவன் ரிஜினுக்குக் கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டம், ஒரு பழைய ஜீப். மகள் டின்டு பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அன்னமேரி கட்டப்பனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். விடுமுறை நாளில் பின் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பாள். ஈயம் உடம்புக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அரம் போடும்போது மாஸ்க் போடுவாள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். ரிஜின் அந்த மேசைப் பக்கமே போகமாட்டான், அதனால் அவனிடம் இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை.

அவன் அவற்றைக் கேலி செய்ததில்லை. "ஒன் பட்டாளத்துக்கு ரேசன் போட்டாச்சா?" என்று கேட்பான், அவ்வளவுதான். ஆனால் பொம்மைகள் ஷூ பெட்டிகளில் கிடப்பதை அவன் கவனித்திருந்தான். ஒரு காற்றுமழையில் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரம் சாய்ந்தது. மரத்தை மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்து, ஆசாரியை வைத்து ஒரு அலமாரி செய்தான். கண்ணாடிக் கதவு. இடுக்கி மழையின் ஈரம் உள்ளே புகக்கூடாது என்று கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ். பிப்ரவரியில் அவள் பிறந்தநாளன்று பின் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அன்னமேரி கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். அன்றைக்கே எல்லாரையும் அடுக்கினாள். மேல் தட்டில் முக்காட்டுக்காரர்கள், நடுவில் பச்சைத் தோல் வேற்றுக்கிரகவாசிகள், கீழே கவச வீரர்கள். கதவைச் சாத்தினால் 'சப்' என்று காற்றுப் புகாமல் மூடும்.

ஜூனில் அவள் தங்கை ஜின்சிக்குத் திருவனந்தபுரத்தில் இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல். அன்னமேரி சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். போனில் ரிஜின் தோட்டத்தைப் பற்றிச் சொல்வான், மழையைப் பற்றிச் சொல்வான். நடுவில் ஒருமுறை, வயிறு சரியில்லை, இஞ்சிச் சாறு குடித்தேன் என்றான். ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தாள்.

வந்ததும் நேரே பின் அறைக்குப் போகவில்லை. குளித்து, சாப்பிட்டு, ஆற அமரப் போய்த்தான் அலமாரிக் கதவைத் திறந்தாள். காடி மாதிரி ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. முதலில் பூசணம் என்றுதான் நினைத்தாள். மழைக்காலத்தில் செருப்பு முதல் ஜெபமாலை வரை இங்கே எல்லாமே பூக்கும். வீரர்களின் காலடியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. மூன்று கண் ஞானியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். உடம்பு கையோடு வந்தது. கால்கள் தட்டிலேயே நின்றன. ஒரு கணம் நின்று, பிறகு மாவாகச் சரிந்தன.

அடுத்தவனை எடுத்தாள். பெயின்ட் மட்டும் சட்டை மாதிரி நின்றது, உள்ளே வெறும் பொடி. முகத்தில் அவள் வைத்த கண்கள் அப்படியே இருந்தன. தொட்டதும் முகம் உள்ளே அமுங்கியது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள்தான். ஆனாலும் கத்தவோ கதவைச் சாத்தவோ தோன்றாமல் நின்றாள்.

பிரதீபாவுக்கு வீடியோ கால் போட்டாள். பிரதீபா வாளையாரில் பல் செட் செய்யும் லேபில் வேலை செய்பவள். இதே பொம்மைகளைச் சேர்ப்பவள். இணையத்தில் பழக்கமாகி, நேரில் பார்க்காமலே இரண்டு வருடச் சிநேகிதம். அன்னமேரி கேமராவைத் தட்டின் பக்கம் திருப்பினாள்.

"அய்யோ! ஏனுங்க்கா, இது புது மரமுங்களா?"

"ஆமா. பலா. அவுக செஞ்சு குடுத்தது."

"புது மரத்துலருந்து ஒரு புளிப்பு ஆவி வருமுங்க. வார்னிஷ்லயும் வரும். கதவ இறுக்கிச் சாத்தி வெச்சா அது ஈயத்தத் தின்னுபோடும். காத்தோட்டமா இருந்தாக்கூட இத்தன ஆயிருக்காதுங்க." திரையை நெருங்கிப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பொடியத் தொடாதீங்க. அது பூசணமில்ல, ஈயம். ஊதிக்கீதி விட்றாதீங்க, மூச்சுல போயிரும்."

"நான் ஊதல."

அதைச் சொல்லும்போது ரிஜின் பின்னால் வந்து நின்றிருந்தான். போனைக் கேட்டுக்கொண்டிருந்தவன் முகம் மாறியது.

"நான் ஊதுனேனே," என்றான்.

அன்னமேரி திரும்பினாள். "என்னது?"

"வாராவாரம் பூச முடிஞ்சு வந்து கதவத் தொறந்து ஊதி விட்டேன். வெள்ளையாப் பூத்துச்சு. பூசணம்னுல்ல நெனச்சேன். நீ வரும்போது சுத்தமா இருக்கணும்னு... துண்ட வச்சித் தொடச்சும் விட்டேன்."

"எந்தத் துண்டு?"

அவன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தான்.

அந்த நொடியில் பொம்மைகள் எதுவும் அவள் நினைவில் இல்லை. இஞ்சிச் சாறு நினைவுக்கு வந்தது. மத்தியானம் அவன் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்ததும் நினைவுக்கு வந்தது. துண்டைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். "குளிங்க. இப்பவே. தலைக்கும் சேர்த்து," என்று அவனைத் தள்ளிக்கொண்டே போனாள். டின்டு இந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வரவே இல்லை என்பதைத் தனக்குத்தானே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் எடுக்க அவளே உட்கார்ந்தாள். கயிற்றைக் கட்டிவிட்டு ஊசியை எடுத்தால் நரம்பு பிடிபடவில்லை. இப்படி ஒருநாளும் ஆனதில்லை. ஊசியை வைத்துவிட்டு வேறொரு சிஸ்டரைக் கூப்பிட்டாள். அன்னமேரியும் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். இரண்டையும் எர்ணாகுளத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

முடிவு வருகிறவரை ரிஜின் டீயை ஊதினால் அவள் திடுக்கிட்டுப் பார்ப்பாள். அவன் கிளாஸை அப்படியே வைத்துவிடுவான். அவளுக்கு அவன்மேல் கோபமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பத்து வருடம் சேர்த்ததை ஒரு அலமாரி தின்றுவிட்டது. அந்தக் கோபம் வந்த கையோடு, ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் இந்த மனுஷன் ஊதியிருக்க மாட்டானே என்று தன்மேல் திரும்பும்.

ஒரு மத்தியானம் பின்னால் சத்தம் கேட்டு ஓடினாள். பொம்மைகளை அவள் முன்பே தட்டோடு மேசைக்கு மாற்றியிருந்தாள்; காலி அலமாரியைத் தனியாளாக முற்றத்துக்கு இழுத்து வந்துவிட்டான் ரிஜின். கையில் மண்ணெண்ணெய் கேன்.

"எரிக்காதீங்க! ஈயம் புகையில போகும், ஊரே மூச்சிழுக்கும்!"

அவன் கேனைக் கீழே வைத்தான். "இம்புட்டும் நாந்தானே மேரி. செஞ்சதும் நான், ஊதுனதும் நான்."

"ஆசாரிக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? நான் நர்ஸு, எனக்கே தெரியல. அங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அழுகிறான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அழுது பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

முடிவு வந்தது. அன்னமேரிக்கு ரத்தத்தில் ஈய அளவு ஏறக்குறைய சாதாரணம். ரிஜினுக்கு ஏறியிருந்தது. எத்தனையோ பேருக்கு ரிசல்ட் வாங்கிக் கொடுத்தவள், இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருடக்கணக்காக ஈயத்தோடு கிடந்தவளுக்கு ஒன்றுமில்லை, அவளுக்காகத் தூசி துடைத்தவனுக்கு ஏறிக் கிடக்கிறது.

டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா சிஸ்டரே," என்றார். பயப்படும் அளவு இல்லை, மருந்து தேவையில்லை. பொடி இருக்கும் இடத்துக்கே போகக்கூடாது. கீரையும் பாலும் நன்றாகச் சாப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

"வயித்துவலி அதனாலயா டாக்டர்?" என்று கேட்டான் ரிஜின்.

"ஆகலாம். வெறும் வாய்வாகவும் இருக்கலாம்."

இது ரிஜினுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று ஆம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தான். அவன் முணுமுணுத்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் பிரதீபா வாளையாரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். லேபில் போடும் நல்ல மாஸ்க்குகள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தாள். ரிஜினைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு பெண்களும் பின் அறையில் நுழைந்தார்கள். ஈரத்துணியால் சுவர், தரை, ஜன்னல் எல்லாம் துடைத்தார்கள். பிறகு ஒவ்வொரு வீரனாகத் தூக்கி அடியைப் பார்த்தார்கள். பாதம் கெட்டியாக இருந்தவர்கள் ஒரு பக்கம், பொடிந்தவர்கள் மறுபக்கம். பொடிந்த பக்கம் குவிந்துகொண்டே போனது. முக்காட்டுக்காரர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை.

"இவங்கதானுங்க மொதல்ல வந்தவுங்க?" என்று கேட்டாள் பிரதீபா.

அன்னமேரி தலையாட்டினாள்.

பொடிந்தவற்றை இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பழைய பேட்டரி வாங்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள். ஈயத்தை உருக்க அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். பொடியைத் தனியாகக் கட்டியிருப்பதைச் சொல்லி எச்சரித்தாள் அன்னமேரி. கடைக்காரர் பிளாஸ்டிக் வழியாக ஒரு தலையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சாமி சிலையா? சாமின்னா நான் உருக்க மாட்டேன்."

"சாமி இல்லைங்க," என்றாள் பிரதீபா. "வேற கெரகத்து ஆளுங்க."

அவர் இன்னும் அதிகமாகத் தயங்கினார். கடைசியில் வாங்கிக்கொண்டார்.

தேறியவர்கள் இப்போது இரும்பு பீரோவில், காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கிறார்கள். அலமாரி ஜீப் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. டிசம்பரில் ரிஜினின் இரண்டாவது பரிசோதனையில் அளவு நன்றாகவே இறங்கியிருந்தது. முழுதாக இறங்கவில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும். அன்னமேரி வெகுநாள் பிரஷைத் தொடவில்லை. தொட்டபோதும் பழைய ஈயத்தை எடுக்கவில்லை, பிரதீபா அனுப்பிய ஈயம் கலக்காத புது வார்ப்பு ஒன்றைத்தான் எடுத்தாள். ரிஜின் அறை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டான்.

"உள்ள வரலாமா?"

"இதுல ஈயம் இல்ல. வாங்க."

"வேணாம்," என்றான் அவன். "இங்கருந்தே தெரியுது. பச்ச பெயின்ட் அடி."