டிவியில் டிரம் அடித்த நாட்கள்

மில் கதவடைப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ஸ்பின்னிங் பிரிவில், பதினாறு வருடமாக வேலை பார்த்தவர். அவருக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போய் நோட்டீஸ் பலகையைப் பார்த்துவிட்டு வருவார். பத்து மணிக்கு இன்னொரு தரம் போவார். வீட்டில் இருக்கும் நேரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி இருப்பார். அவர் நடக்க நடக்க எனக்கும் கை வேலையில் நிற்காது. எதையாவது கேட்டால் பதில் வராது. வேலை இல்லாத எரிச்சலை என் மேல் காட்டுகிறார் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அரையாண்டு லீவு விட்டதும் மகளையும் அவரையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தான் லீவில் வந்திருந்தார். அவர் ஒரு டிவி கேம் கொண்டுவந்திருந்தார். அதோடு பிளாஸ்டிக்கில் ஒரு குட்டி டிரம். நான்கு வட்டத் தட்டு, இரண்டு குச்சி. திரையில் நான்கு வரிசையாகப் பொட்டுகள் மேலிருந்து இறங்கும். கீழே கோட்டைத் தொடும்போது அந்தந்தத் தட்டில் அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் பாட்டு தடையில்லாமல் ஓடும். தவறினால் பொம்மை தலையில் கைவைத்துக்கொள்ளும். அது நம்மூர் டிவிக்கு ஒத்துவராமல் படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது.

“கடையில கலராத்தான் காமிச்சாம்மா,” என்று அத்தான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைக்க மறந்து, அந்தக் கரண்டியாலேயே இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

இவர் மட்டும் கதவோரம் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தார். என் மகள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து டிரம் முன்னால் உட்கார வைத்தாள். ஓடுகிற மெஷினில் அறுந்த இழையை எட்டிப் பிடித்து ஒட்டிப் பழகிய கை. இரண்டாவது பாட்டிலேயே ஒரு பொட்டுகூடத் தவறவில்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. மூன்று நாள் அந்த டிரம் முன்னால்தான் இருந்தார். இப்போது நிலைகொள்ளாமல் போனது எனக்கு. மில்லைத் திறந்து நோட்டீஸ் ஒட்டியிருந்தால் யார் பார்ப்பது என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் நடந்தேன்.

நான்காம் நாள் மதியம் அக்கா, “தலை வலிக்கு, சத்தத்தைக் கொறைங்கடி,” என்றாள். மகள் எழுந்துபோய் டிவி சத்தத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முழுவதும் முடிந்ததும் வேர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

“அப்பா, பாட்டே கேக்கலயே. எப்படிப்பா அடிச்சீக?” என்றாள் மகள், அவர் முகத்துக்கு நேராக வந்து.

“எப்பவும் இப்படித்தான இருக்கு?” என்றார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று “என்னங்க” என்றேன். திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தரம் கத்தினேன். திரும்பிப் பார்த்தவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார். “நாலு வருசமாச்சு. மில்லுக்குள்ள எல்லாருமே கத்தித்தான் பேசுவோம், அதனால யாருக்கும் தெரியல. தெரிஞ்சா மெஷின்ல நிக்க விடமாட்டான்.”

“எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?”

“நீ பேசும்போது ஒன் வாயப் பாத்துப் பாதியப் புரிஞ்சுக்கிடுவேன். அடுப்படியில இருந்து பேசினா ஒண்ணும் வெளங்காது. நீ கோவிச்சுக்கிட்டயா, இல்லையாங்கதே தெரியாது.”

எத்தனை நாள் அடுப்படியிலிருந்தே சண்டை போட்டிருக்கிறேன். பஸ் வரும்வரை நான் அவர் கையை விடவில்லை. ஊரில் யார் பார்த்தாலும் சரி என்று இருந்தது.

மதுரையில் காது டாக்டர் சோதித்துவிட்டு, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மெஷின் சத்தத்துக்குப் போகக் கூடாது என்றார். பொங்கல் கழித்து மில் திறந்தது. வேறு பிரிவு கேட்கலாம் என்று இவர் மூன்று தரம் கேட் வரை போய்த் திரும்பி வந்தார். நான்காவது தரம் நானும் கூடவே போனேன். மேனேஜர் முன்னால் போனதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சீட்டை நான்தான் மேஜையில் வைத்தேன். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “பேக்கிங்ல நிக்கீரா?” என்று சத்தமாகக் கேட்டார். இவர் தலையை ஆட்டினார்.

டாக்டர் எழுதிக்கொடுத்த காது கேட்கும் மெஷினை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று முகத்தைச் சுளித்தார். “ஏட்டி, பாத்திரத்தை எதுக்கு இப்படிப் போடுத? கொஞ்சம் மெதுவா வையேன்.”

நான் அடுப்படியிலிருந்தே, “சரிங்க,” என்றேன்.

“ம்,” என்றார்.