இருபது மைலுக்குக் கீழே

ஃபுளோரிடாவில் எங்கள் குடியிருப்பில் ஐம்பத்தைந்து வயதாகாதவர்களுக்கு வீடு கிடையாது. கடைக்கு, தேவாலயத்துக்கு, சீட்டாடப் போவதற்கு, எல்லாவற்றுக்கும் கோல்ஃப் வண்டிதான். வாங்கிய கையோடு வேகத்தைக் கூட்டி, பெல்ட்டும் நம்பர் பலகையும் மாட்டிப் பதிவு செய்துகொள்வது இங்கே வழக்கம். முட்டி மாற்றிய கிழங்கள் பந்தயம் விடுகிற ஊர் இது.

ஹார்லன் மட்டும் கூட்டவில்லை. ஆயுள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் வண்டி மணிக்குப் பதினெட்டு மைலைத் தாண்டாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி நீவா தெருவுக்கே கேட்கும்படி கேலி செய்வாள்.

"ஹார்லன், நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?"

"பத்திரமா போனா போதும், மகாராணி."

"நீ போறதுக்குள்ள ஐஸ்கிரீம் கடையைப் பூட்டிட்டு அவன் தூங்கியே போயிருவான்!"

மார்ச் மாதம் ஒரு நாள், தபால் நிலைய முனையில் இடப்பக்கம் திரும்பியபோது நீவா வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். கதவு கிடையாது, பெல்ட் கிடையாது. ஓரக்கல்லில் தலை மோதியது. அன்று மாலையே உயிர் போய்விட்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க மேல தப்பே இல்லைங்க ஐயா. இவ்வளவு மெதுவா போற வண்டி சட்டப்படி மோட்டார் வாகனத்துல சேர்த்தியே இல்ல. இருபது மைலைத் தாண்டினாத்தான் பெல்ட், கண்ணாடியெல்லாம் கட்டாயம்."

"அப்ப மத்தவங்க மாதிரி நானும் வேகத்தைக் கூட்டியிருந்தா?"

போலீஸ்காரர் தொப்பியைப் பார்த்தார். "கூட்டியிருந்தா... பெல்ட் போட்டே ஆகணும்."

"சரி," என்றார் ஹார்லன்.

அடக்கத்தன்று அவர் அழவில்லை. யாரோ கொண்டுவந்த கோழிக்கறியைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லையா என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் வண்டியில் வேகத்தைக் கூட்டினார். பெல்ட், கண்ணாடி, விளக்கு, எல்லாம் மாட்டி நம்பரும் வாங்கிவிட்டார்.

"கிழவனுக்கு இப்பத்தான் ரத்தம் சூடேறுது பாரு," என்றான் எதிர்வீட்டு பர்ல். நான் அவனைத் திட்டவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு காலையில் ஹார்லன் என் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"கடைக்குப் போறேன். ஏறு."

ஏறினேன். நான் பெல்ட்டை மாட்டி, அது சரியாக விழுந்த சத்தம் கேட்கும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை. பிறகு பழையபடியே ஊர்ந்தார். பின்னால் பர்ல் ஹாரன் அடித்துப் பொறுமை இழந்து, கையை ஆட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போனான். இந்த ஊரில் கையாட்டினால் பதிலுக்கு ஆட்டாதவன் மனிதனே இல்லை. ஹார்லன் ஆட்டவில்லை.

"இப்படிப் போறதுக்கா இவ்வளவும் செஞ்சே?" என்று கேட்டேன்.

தபால் நிலைய முனை வந்தது. இடப்பக்கம் திரும்பும்போது அவருடைய வலது கை நீண்டு என் நெஞ்சை அழுத்திப் பிடித்தது.

"பெல்ட் போட்டிருக்கேன், ஹார்லன்."

"தெரியும்," என்றார். கையை எடுக்கவில்லை.