ஆறாவது சுருள் இல்லாத கொலை

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவனுக்குத் தொண்டைதான் முதல். என்னைப் போலவே மேடையில் பேசிப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், தவுக்கே என்று கூப்பிடும் ஈப்போச் சீன முதலாளி ஒருவரின் படக்கொட்டகையோடு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சுற்றினேன். அவரிடம் ஒரே ஒரு கொலைப் படம். மொத்தம் ஆறு சுருள், கையில் இருந்ததோ ஐந்து; முடிவு இருக்கும் கடைசிச் சுருளைக் காணோம். கொலைகாரன் யாரென்று எனக்கே தெரியாது. தவுக்கே கறாராகச் சொன்னார்: "ஜனங்க ஒரு தரம் கத்தினாலும் உனக்கு வேலை இல்லலா."

யாரைப் பிடிக்காது?

போய் இறங்கியதும் தண்ணீர்க் குழாயடியில் காது கொடுப்பேன். அந்தத் தோட்டத்தில் யாரைத் திட்டுகிறார்களோ, அவனை மாதிரி ஆள்தான் அன்றைய கொலைகாரன். சித்தியவான் பக்கம் மருந்து கொடுக்கிறவரைத் திட்டினார்கள். படத்து டாக்டரை மாட்டிவிட்டேன். விசில் காதைப் பிளந்தது.

தாப்பாத் தோட்டத்தில் கங்காணியைத் திட்டினார்கள். வேலையாட்களை விரட்டும் மீசைக்காரன் ஒருவன் படத்தில் இருந்தான், அவனைக் கொலைகாரக் கங்காணி ஆக்கினேன். படம் முடிந்ததும் நிஜக் கங்காணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். செத்தோம் என்று போனேன். மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மீசையை எடுத்துட்டா நம்ம மேல சந்தேகம் வராதுல்ல?"

பாப்பாத்தி அக்கா

அதே தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற பாப்பாத்தி அக்கா, தங்கச்சியைப் பார்க்கச் சித்தியவான் போனபோது அங்கேயும் படம் பார்த்துத் தொலைத்திருக்கிறாள். நேராக வந்து பிடித்தாள்: "ஏண்ணே, அங்க டாக்டரு கொன்னாரு, இங்க கங்காணி கொல்றான். செத்தவன் பாவம்லா, எத்தன பேரு கையாலதான் சாவான்?"

பிஸ்கட் டின்

அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி அருளப்பனுக்குப் பழைய படச்சுருள் சேர்க்கிற பைத்தியம். வீடு முழுக்கப் பிஸ்கட் டின். யாரிடமும் இல்லாத எங்கள் ஆறாவது சுருளுக்காக ஊர் ஊராக அலைந்தவர், கடைசியில் பினாங்கில் பிடித்துவிட்டார். நாங்கள் மறுபடி தாப்பாத் தோட்டம் போனபோது தலைகால் புரியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். தவுக்கே அன்றைக்கே ஓட்டச் சொன்னார்.

ஓடியது. அடக் கடவுளே, கொலைகாரன் துப்பறிகிறவனே! ஐந்து சுருளும் தர்மராஜா என்று நான் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே ஆள். எனக்கு வாயே வரவில்லை. கூட்டம் கத்த ஆரம்பித்தது. தவுக்கே என்னையே பார்க்கிறார். வேலை போச்சு என்று நிற்கும்போது பாப்பாத்தி அக்கா எழுந்து, மழுங்கச் சிரைத்த முகத்தோடு முன்வரிசையில் இருந்த கங்காணியைக் கை காட்டினாள்: "படந்தாண்ணே தப்பு! மீசைய எடுத்துட்டா விட்டுருவோமா? கங்காணிதான் கொன்னான்னு நீங்க சொல்லுங்க!"

சொன்னேன். கொட்டகை அதிர்ந்தது, தவுக்கே சிரித்தார். அருளப்பன் சுருளைத் திரும்ப டின்னில் போட்டு அழுத்தி மூடினார்: "கிடைக்காம இருந்தப்பதான்லா இது நல்ல படம்."

ஊமைப் படத்தில் நான் குப்பை கொட்டிய அத்தனை காலத்தில், என் வேலையைக் காப்பாற்றியது நான் வாயடைத்து நின்ற அந்த ஒரு நாள்தான்.